லாச்சப்பல் முகப்புகளும் கைரம்பமும்

பாரிஸ் லாச்சப்பலின் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து வடக்கு ரயில் நிலையத்தின் பக்கம் போனால், வெளிர்மஞ்சள் கல் முகப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரே அளவில் அறுத்த கற்களைப் பார்த்ததும், ராட்சத ரம்ப இயந்திரங்களின் வேலை என்றே தோன்றும். ஆனால் 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் ஆட்சியராக இருந்து நகரத்தை இடித்துக் கட்டியபோது, கல்லின் பெரும்பகுதியை மனிதர்களே கையால் அறுத்தார்கள். அதற்கு இடம்கொடுத்தது கல்லின் குணம். வடக்கே உவாஸ் ஆற்றோரம் சேன்-லூ, சேன்-மக்ஸிமேன் குவாரிகளில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் சுமார் நாலரைக் கோடி ஆண்டுப் பழையது. வெட்டியெடுக்கும்போது அதில் ஈரம் ஊறியிருக்கும். மரத்தை அறுப்பதுபோலப் பல்லுள்ள நீண்ட ரம்பத்தால் அதை அறுத்துவிடலாம். காற்றுப் பட்டு உலரும்போது உள்ளிருக்கும் நீர் சுண்ணாம்பைக் கரைத்து மேலே கொண்டுவர, மேற்பரப்பு இறுகுகிறது. கடினமான கல்லுக்கு வேறு முறை: பல்லில்லாத இரும்புத் தகட்டை முன்னும் பின்னும் இழுத்து, வெட்டுவாயில் நீரும் மணலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அறுப்பது மணல்தான், தகடு அதை அழுத்தித் தேய்க்கிறது. இது மிக மெதுவான வேலை. ஈரம் ஏறும் அடிவரிசைகளுக்குக் கடினக் கல்லும், மேல் மாடிகளுக்கு மென்கல்லும் வைக்கும் வழக்கத்தில் உறுதியோடு உழைப்பின் கணக்கும் சேர்ந்திருந்தது என்று கருதுகிறேன்.

இயந்திரம் அப்போது தெரியாதே என்று சொல்ல இடமில்லை. துருக்கியின் ஹியராபோலிஸில், கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்றில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல்லறுப்பு ரம்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் அவுசோனியஸும் ஆற்று நீரால் ஓடும் பளிங்கு ரம்பங்களைக் குறிப்பிடுகிறார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குமுன் அறிந்த ஒன்றைப் பாரிஸ் தன் வீடுகளுக்குப் பெரிதாகத் தேடாததற்குக் காரணம், மென்கல்லுக்குக் கைரம்பமே போதும் என்பதுதான். அங்கே பெரிய தடை, கல்லைக் கொண்டுவரும் செலவு. ரயில் வரும்வரை கல் படகில் உவாஸ் வழியாகச் சேன் நதிக்கு வந்தது. 1846இல் திறந்த வடக்கு ரயில்பாதை அந்தக் குவாரிகளை ஒட்டியே போனது. அதன் சரக்கு முற்றம் லாச்சப்பலில் இருந்தது. முகப்புகளின் ஒற்றுமை சட்டத்தால் வந்தது, கல்லுக்கும் ரயிலுக்கும் அதில் பங்கில்லை என்று ஒருவர் மறுக்கலாம். 1859ஆம் ஆண்டின் ஆணை தெரு அகலத்தைப் பொறுத்துக் கட்டட உயரத்தை வரையறுத்தது உண்மை. ஆனால் சட்டம் உயரத்தைத்தான் சொல்லும். மலிவான கல்லைத் தராது. அதே வீடுகளின் முற்றப் பக்கம் போய்ப் பாருங்கள்: தெருமுகத்துக்கு அறுத்த கல், பின்புறத்துக்கு உடைகல்லும் சாந்துப் பூச்சும். மலிந்த பிறகும் எண்ணிச் செலவழித்த பொருள் அது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைரம் பதித்த வட்ட ரம்பம் வந்தபோது, கடினக் கல்லுக்கும் மென்கல்லுக்கும் இருந்த பழைய இடைவெளி சுருங்கியது. கல்லை மெல்லிய பலகைகளாக அறுப்பதும் மலிந்தது. கான்கிரீட் சுமையைத் தாங்கத் தொடங்கியதும், சுவரைத் தூக்கி நிறுத்திய கல் சுவரின்மேல் ஒட்டும் பலகையானது. தமிழ்நாட்டில் இந்த மாற்றம் இன்னும் கூர்மையானது. நம் கருங்கல்லுக்கு மணல் ரம்பம் ஒத்துவராது; வரிசையாகக் குழியிட்டு ஆப்பு அடித்துப் பிளந்த தடங்களை மாமல்லபுரப் பாறைகளில் இன்றும் காணலாம். பாரிஸ் கடந்துவந்த கைரம்பக் காலம் நம் கருங்கல்லுக்கு வாய்க்கவில்லை. கிருஷ்ணகிரியிலும் மேலூரிலும் ஆப்பும் உளியும் ஆண்ட தொழிலுக்குள், வைரக் கம்பியும் பல தகடு பூட்டிய ரம்பமும் ஒரு தலைமுறைக்குள் நுழைந்துவிட்டன.