வானொலி வாசிப்புச் சேவை

கண்பார்வை இழந்தோரும், பார்வை குன்றியோரும், கைநடுக்கம் முதலிய காரணங்களால் புத்தகத்தை ஏந்திப் படிக்க இயலாதோரும் கேட்டுப் பயன்பெறுமாறு, நாளிதழ்களையும் சஞ்சிகைகளையும் நூல்களையும் உரக்கப் படித்து ஒலிபரப்பும் ஏற்பாடு வானொலி வாசிப்புச் சேவை எனப்படும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பார்வையற்றோர் நலத்துக்கான அரசுத் துறைக்குத் தலைமை வகித்த ஸ்டான்லி பாட்டரின் முயற்சியால் 1969 ஜனவரி 2ஆம் நாள் தொடங்கிய ‘ரேடியோ டாக்கிங் புக்’ என்பதே இவ்வகையில் முதலாவது; கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் 1971இல் அடுத்தது தோன்றியது.

பேசும் புத்தகங்கள் இசைத்தட்டு வடிவில் 1930களிலேயே அந்நாட்டில் வழக்கிற்கு வந்துவிட்டன. எனினும் ஒரு நூலைப் பதிந்து, தட்டாக்கித் தபாலில் சேர்ப்பதற்குள் காலம் கழிந்துவிடுமாதலால், காலையில் பிறந்து மாலையில் பழையதாகும் நாளிதழுக்கு அம்முறை சிறிதும் பிரயோஜனப்படவில்லை. வானொலியிலோ, தொண்டர் ஒருவர் அன்றைய உள்ளூர்ப் பத்திரிகையைத் தலைப்புச் செய்தி தொடங்கி மரண அறிவிப்பு ஈறாகப் படிப்பதோடு, எந்தக் கடையில் கோழியிறைச்சி மலிவு, எதில் காப்பித்தூள் மலிவு என்னும் மளிகை விளம்பரங்களையும் விடாமல் படிப்பார். பிறர்க்கு இவை அற்பமாய்த் தோன்றலாம். வாரச் செலவைத் தாமே கணக்கிட்டுக் குடித்தனம் நடத்துவோர்க்குத் தலையங்கத்தைக் காட்டிலும் இவையே முக்கியம்.

பண்பலை நிலையமொன்றின் ஒலிபரப்போடு, பெரும்பாலும் 67 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள துணை ஊர்தியலை ஒன்றையும் ஏற்றி அனுப்புவது இதன் முறை. 1955இல் அனுமதிக்கப்பட்ட இவ்வழி, முதலில் கடைகளுக்குப் பின்னணி இசை வழங்கவே பயன்பட்டது. சாதாரண வானொலிப் பெட்டியில் இது கேளாது. ஒரே நிலையத்துக்கெனப் பொருத்திய தனிப்பெட்டியை நேயர்க்கு இலவசமாக இரவல் தருவர். நிலையத்தைத் தேடித் திருகும் தொல்லை இல்லை. ஒலிநயம் குறைவே, முதன்மை ஒலிபரப்பின் சங்கீதம் சிற்சில வேளை ஊடே கசிவதுமுண்டு.

லாப நோக்கமின்றிப் பார்வையற்றோர் முதலியோர்க்கெனவே செய்யப்படும் வாசிப்புக்கு ஆசிரியரின் அனுமதி வேண்டியதில்லை என 1976ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் விலக்களித்தது. நாடகமாயின், வெளியாகிப் பத்தாண்டுகளேனும் கழிந்திருக்க வேண்டும், ஒரு முறையே ஒலிபரப்பலாம் என்று அதே சட்டம் கையை இறுக்கிக்கொண்டதன் நியாயம் விளங்குவதாயில்லை.

நாளிதழ்கள் இணையத்தில் ஏறி, அவற்றை யந்திரக் குரலே படிக்க வல்லதானபின் இச்சேவைகளின் தேவை சுருங்கியது மெய்யே. ஆயினும், முதுமையில் பார்வை இழந்து, புதிய கருவியொன்றைப் பழக மனமில்லாதோர்க்குத் திருகினால் பேசும் இப்பெட்டிக்கு ஈடானது இன்னும் வாய்க்கவில்லை.