கடல்வழி வந்த தாளம்: ஈழத்துப் பொப்பிசையின் ஆபிரிக்க வேர்

1960களில் அமெரிக்க இளைஞர்கள், கிற்றாரில் மூன்று கோர்ட் பிடிபட்டவுடனேயே, கார் நிறுத்தும் கொட்டகைகளில் கூடிக் குழு அமைத்தார்கள். பின்னாளில் 'கராஜ் றொக்' என்று பெயர் பெற்ற அந்த இசைக்குக் கறுப்பின மக்களின் புளூஸ் முதன்மையான ஊற்று. அதே பத்தாண்டில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வடகிழக்கே சில மைல் தள்ளியிருக்கும் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு தமிழில் பாடத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது இலங்கையில் பரவிய ஆட்டப்பாட்டான பைலா. பைலாவுக்குள்ளும் ஆபிரிக்கா இருக்கிறது. அது வந்த கடல் மட்டும் வேறு. ஈழத்துப் பொப்பிசையை மேற்கத்திய மோகம் என்று ஒதுக்குவோரும், சிங்கள பைலாவின் தமிழ்ப் படி என்று சுருக்குவோரும் இந்த நீண்ட உறவைக் காணத் தவறுகிறார்கள்.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்களும் பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தனர். அந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் மாவட்டத்தின் சிராம்பியடியில் வாழ்கிறார்கள். 'மாஞ்சா' என்னும் தம் பாடல்களைப் பாடுகிறார்கள். ஆபிரிக்கத் தாளமும் போர்த்துக்கேய மெட்டும் கலந்து பிறந்த கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டு பறங்கியர் வீடுகளில் நிலைத்தது. 1940களின் இறுதியில், பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்ரியன் அந்தத் தாளத்தில் சிங்களச் சொற்களை அமர்த்தினார். இன்று நாம் அறிந்த பைலா அவ்வாறு பரவியது.

அதன் நடை ஆறு-எட்டு. கர்நாடக இசைக் கணக்கில் திசிரத்துக்கு நெருக்கமானது. காவடிச்சிந்து பெரும்பாலும் நடக்கும் நடையும் திசிரமே. கொக்குவில் மஞ்சவனப்பதி போன்ற முருகன் கோயில்களைச் சூழ்ந்து வளர்ந்த காதுகளுக்கு பைலாவின் துள்ளல் அந்நியமாகப் பட்டிருக்க முடியாது என்பது என் துணிபு. யாழ்ப்பாண இளைஞரின் கால்கள் புளூசுக்கு அசையாமல் பைலாவுக்கு அசைந்ததன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். மற்றக் காரணம் எளிது: பைலாவுக்கும் இரண்டு மூன்று கோர்ட் போதும். முறையாகச் சங்கீதம் படிக்காதவனும் பாட்டுக் கட்டலாம்.

மின்கிற்றார் தென்னிலங்கை வழியாக வந்தது. கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழு 1966இல் இலங்கை வானொலி மூலம் புகழ்பெற்றபோது, சொந்த மொழியில், சொந்த மெட்டில், மின்கருவிகளோடு பாடலாம் என்ற துணிவு தீவெங்கும் பரவியது. தமிழில் அந்தத் துணிவு அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் முளைத்தது. அங்கு மாணவராயிருந்த நித்தி, சக மாணவர்களுக்காகப் பாடினார். அமெரிக்கக் கொட்டகையின் வேலையை இங்கே கல்லூரி விடுதி செய்தது.

அவருடைய 'சின்ன மாமியே' பாட்டை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். மாமியின் மகளை விசாரிக்கும் இளைஞனின் குரல், ஒழுங்கையில் நின்று பேசும் பேச்சு. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடியால் சிதையும் வீட்டைப் பற்றியது. அறிவுரையை ஆட்டத்துக்குள் வைத்தது. காதலும் குடியும் அன்றாடச் சலிப்பும் புளூசின் பாடுபொருள்களும்கூட. யாழ்ப்பாண மேடைகளில் இசைக்கோஷ்டிகள் சென்னைத் திரைப்பாடல்களை அச்சொட்டாக வாசித்துக் கைதட்டு வாங்கிய காலம் அது. அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பேச்சையே பாட்டாக்கியது சிறிய காரியமன்று.

எதிர்ப்பு வந்திருக்கக்கூடிய சூழலையும் மறக்கக்கூடாது. கொக்குவிலை அடுத்த இணுவில் நாதசுர, தவில் கலைஞர்களின் ஊர். தவில்மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) அந்த மரபில் வந்தவர். திருவிழா இரவுகளில் விடியும்வரை தவிற்சமா கேட்டுத் தலையசைத்த இரசிகர்கள் மூன்று கோர்ட் பாட்டை எளிதில் மதித்திருக்க மாட்டார்கள்.

மதிப்பைத் தேடித்தந்தவை வானொலியும் அரசியலும். 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. இந்தியச் சஞ்சிகைகளின் வரவும் குறைந்தது. அந்த இடைவெளியில் ஈழத்து எழுத்தும் படமும் பாட்டும் மூச்சுவிட்டன. அமுதன் அண்ணாமலை, ஸ்ரன்லி சிவானந்தன், இராமச்சந்திரன், இமானுவேல் எனப் பொப்பிசைப் பாடகர் வரிசை ஒன்று எழுந்தது. அவர்களுள் தீவைத் தாண்டிப் போனவர் ஏ. ஈ. மனோகரன். 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்த அவர், சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' பாட்டால் தமிழ்நாட்டில் 'சிலோன் மனோகர்' ஆனார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவும் அந்தப் பாட்டைக் கையாண்டார். எந்தச் சென்னைப் பாட்டை நம் கோஷ்டிகள் படியெடுத்தனவோ, அந்தச் சென்னையே நம்மிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. இந்த வரலாற்றில் நான் பெருமைப்படும் இடம் இது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

1983இல் போர் மூண்ட பின் பாடவேண்டியவை மாறின. யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டியை நடத்திய இசைவாணர் கண்ணன் எழுச்சிப் பாடல்களுக்கு இசையமைத்தார். மேடையில் பாடி வளர்ந்த எஸ். ஜி. சாந்தன் அப்பாடல்களின் பெருங்குரலானார். 1987 ஒக்ரோபரில் கொக்குவில் நேரடிப் போர்க்களமானது. இந்துக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்த மக்களும் எறிகணைக்குப் பலியாகினர். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட ஊரில் மின்கிற்றார் குழு நடத்துவது எத்தகைய பாடு என்று சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் கொக்குவிலும் அடங்கிய வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, தூக்கக்கூடிய சுமையில் அம்ப்ளிபயருக்கு இடமிருந்திருக்காது.

பாட்டு, பாடியவர்களோடு புலம்பெயர்ந்தது. நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறிய பின்னும் மேடையேறினார். கனடாவிலும் ஐரோப்பாவிலும் எம்மவர் கலியாண மண்டபங்களில் 'சின்ன மாமியே' ஒலித்தால் மூன்று தலைமுறையும் எழுந்து ஆடுகிறது.