கணினித் தடயவியல் – ஐதராபாத்

கணினி, கைபேசி, வன்தட்டு போன்றவற்றில் உள்ள தரவை மாற்றம் நேராமல் எடுத்து, ஆராய்ந்து, நீதிமன்றத்தில் சான்றாக வைக்கும் துறை. ஐதராபாத்தில் மத்திய தடய அறிவியல் ஆய்வகம் ராமந்தாபூரில் இயங்குகிறது.

முன்வரலாறு: விஞ்ஞானி ஏ.எஸ்.ராவ் 1967இல் ஐதராபாத்தில் முன்னின்று தொடங்கிய ஈ.சி.ஐ.எல். மின்னணு நிறுவனம், 1969இல் டி.டி.சி.-12 கணினியைத் தயாரித்தது. இந்தியாவிலேயே உருவாகி விற்பனைக்கு வந்த முதல் கணினிகளுள் இது ஒன்று. காவல் துறையின் கணினி ஆய்வு இதற்கு வெகு காலம் கழித்து வந்தது.

மடிக்கணினி வழக்கு (2001–2005): 2001 டிசம்பர் 13இல் நடந்த நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் மடிக்கணினி ஐதராபாத் நிபுணர்களின் ஆய்வுக்கு வந்தது. அது கொல்லப்பட்ட தாக்குதலாளிகளிடம் கிடைத்தது என்று பல நூல்கள் எழுதுகின்றன. நீதிமன்றப் பதிவோ ஸ்ரீநகரில் கைதானவர்களிடம் பறிமுதலானது என்கிறது. தாக்குதலுக்கு வந்த காரில் ஒட்டியிருந்த உள்துறை அமைச்சக ஸ்டிக்கரின் படமும் போலி அடையாள அட்டைகளும் அதற்குள் இருந்தன. பறிமுதலுக்குப் பிந்தைய தேதிகள் சில கோப்புகளில் தெரிந்ததால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கணினியை இயக்கினாலே சில கோப்புகள் தாமாக எழுதப்படும் என்று நிபுணர் விளக்கினார். 2005 ஆகஸ்ட் 4இல் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்றது. ஐயம் முற்றிலும் தீர்ந்ததா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கணினியை முதலில் கைப்பற்றும் காவலர் அதன் பொத்தானை அழுத்தாமல் இருப்பதே பெரிய திறமை என்ற பாடத்தை இவ்வழக்கு அழுத்தமாகச் சொல்கிறது. இப்போது, வன்தட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ‘எழுத்துத் தடுப்பான்’ கருவி வழியே அதை இணைத்து, அச்சு அசலான நகல் எடுத்து, தரவிலிருந்து கிடைக்கும் அடையாள எண்ணான ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டுப் பதிந்து, நகலை மட்டுமே ஆராய்கிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் எண் வேறாகிவிடும் என்பது இத்துறையின் அழகான பாதுகாப்பு.

சத்யம் வழக்கு: 2009 ஜனவரி 7இல், ஐதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானது. மாநில சி.ஐ.டி.யிடமிருந்து சி.பி.ஐ.க்குப் போன விசாரணையில், பில் மென்பொருளுக்குள் ‘எச்’ என்று குறித்து மறைத்து வைத்த 7,561 போலி விலைப்பட்டியல்கள் பேசப்பட்டன. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

சட்டம்: மின்னணுச் சான்றுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயமல்ல என்று மடிக்கணினி வழக்கின் 2005 தீர்ப்பு கருதியது, 2014இல் உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்றது, 2020இல் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது.

அண்மைக் காலம்: 2022இல் ராமந்தாபூர் வளாகத்தில் தேசிய சைபர் தடய ஆய்வகம் திறக்கப்பட்டது. இணையவழிப் பண மோசடிக்கு ஆளானவர்கள் 1930 எண்ணில் உடனே புகார் தரலாம்.