லயத்தை விட்டு ரங்கூன் வரை

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஊர் சுத்துற வேலை?" என்ற பேச்சு நம் வீடுகளில் புதிதல்ல. அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கு உலகம் என்பது பெரட்டுக்களம், பால்மரக்காடு, லயம், மாரியம்மன் கோயில். அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் பர்மா வரை போய் வந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையை அறிவித்தார். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி அதன் தலைவியானார். அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்களே.

சேருவது சுலபமா? கன்னிப் பெண்ணுக்குத் தகப்பனார் கையெழுத்து வேண்டும், மணமானவளுக்குப் புருஷன் கையெழுத்து! கோலாலம்பூரில் பால்பண்ணை வைத்திருந்த வசதியான வீட்டுப் பெண் ஜானகிக்கு வயது 18. டாக்டர் லட்சுமியே வீட்டுக்கு வந்து பேசிய பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார். சேலை போய் காற்சட்டை வந்தது. கையில் துப்பாக்கி வந்தது. பணக்கார வீட்டுப் பெண்ணும் பால்வெட்டுக்காரியும் ஒரே கொட்டகையில் படுத்தார்கள். இதுவே அன்றைக்குப் பெரிய புரட்சி என்பேன்.

1944இல் ரயிலேறினார்கள். சயாம் மரண ரயில் பாதை வழியாகத்தான் பர்மா பயணம். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட பாதை அது. நம் மலாக்கா – தம்பின் ரயில் பாதையைக்கூட ஜப்பானியர் அதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்த கதைதான் கடினமானது. போரில் தோல்வி நெருங்கியது. 1945 ஏப்ரல் 24ஆம் நாள் இரவு ரங்கூனை விட்டுப் புறப்பட்டார்கள். பெண்களை அனுப்பாமல் தான் கிளம்பமாட்டேன் என்றார் நேதாஜி. பகலில் பிரிட்டிஷ் விமானம் குண்டு போடும், காட்டில் ஒளிந்திருப்பார்கள். இரவில் நடை. சித்தாங் ஆற்றைக் கடந்தார்கள். காலெல்லாம் கொப்புளம். நேதாஜியும் கூடவே நடந்தார். மே மாதம் பாங்காக் சேர்ந்தார்கள், அங்கிருந்து மலாயா.

ஜானகி, பிற்பாடு ஜானகி ஆதி நாகப்பன் ஆனார். 1946இல் ம.இ.கா. தோன்றியபோது உடனிருந்தார், 2000இல் பத்மஸ்ரீ பெற்றார், 2014இல் மறைந்தார். ஆனால் கூட நடந்த பால்வெட்டுக்காரிகளில் பெரும்பாலோரின் பெயரை நம் பிள்ளைகள் படிக்கும் சரித்திரத்தில் காணோம். அவர்களுக்கு எழுதி வைக்க ஆளில்லை, அதுதான் காரணம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் காற்சட்டையும் தொப்பியுமாகப் பாட்டியின் பழைய படம் ஏதும் கிடக்கிறதா? இருந்தால் வீசிவிடாதீர்கள். பெயரும் தோட்டமும் பின்னால் எழுதி, பள்ளிக்குக் கொண்டு வாருங்கள்.