வெற்றிலைத் தட்டத்தில் ஏறிய புகையிலை

மாணவனொருவன் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு வகுப்பறையில் அமர்ந்திருக்கக் கண்டால், ஆசிரியராகிய நாம் முதலிலே நாடுவது பிரம்பை. அடுத்து நாடுவது 'கூடாத கூட்டு' என்னும் விளக்கத்தை. இவ்விளக்கம் மிக வசதியானது. குற்றத்தை அவனுடைய தோழன் தலையிற் சுமத்திவிட்டு, வீட்டையும் ஊரையும் சந்தையையும் அது விடுதலை செய்துவிடுகிறது. அத்தோழனுக்கு அதனைக் கொடுத்தவர் யார் என்று வினவிக்கொண்டு பின்னோக்கிச் செல்வோமாயின், நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சமூக வரலாறொன்றினுள் நாம் புக நேரிடும்.

வெற்றிலையும் பாக்கும் தமிழர் வாழ்வில் மிகப் பழையவை. கொலைக்களம் நோக்கிப் புறப்படுமுன் கோவலன் உண்ட இறுதி உணவின் பின் கண்ணகி அவனுக்கு அளித்தவை அவையே. ஆனால் அவ்வெற்றிலையிற் புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தின் கரையோரத் தீவுகளை அடைந்த பின்னரே பிற நாடுகள் அதனை அறிந்தன. போத்துக்கேயர் காலத்தில் எமது கரைகளில் வந்திறங்கிய இந்த அந்நியச் சரக்குக்கு, இங்கே ஓர் ஆசனம் ஏலவே தயாராக இருந்தது. திருமணத்திலும் கோயிலிலும் விருந்திலும் மரியாதையின் அடையாளமாக நீட்டப்பட்ட வெற்றிலைத் தட்டத்தில் அது மெல்ல ஏறி அமர்ந்துகொண்டது. அமர்ந்ததும் தட்டத்தின் பழைமை முழுவதும் அதனுடையதாயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது' இதற்கு ஒரு புராணத்தையே படைத்தளித்தது. மும்மூர்த்திகளுக்குக் கொடுக்கப்பட்ட மூன்று இலைகளில் சிவனுடைய வில்வமும் திருமாலுடைய துளசியும் நீரோடு போய்விட, பிரமனுடைய இலை ஒன்றே போகாது நின்றதாம். ஆதலின் அது 'போகையிலை'யாகிப் பின்னர் புகையிலை ஆயிற்றாம். புலவரின் சாதுரியத்தை மறுப்பதற்கில்லை. நேற்று வந்த வணிகப் பண்டமொன்று தெய்வங்களின் கையிலிருந்து வந்ததாக எவ்வளவு விரைவில் மாறிவிடுகிறது என்பதே ஈண்டு நாம் கவனிக்கத்தக்கது.

தட்டத்தின் மரியாதை எல்லார்க்கும் ஒரே தன்மையாகக் கிடைத்ததன்று. யாருக்கு முதலில் நீட்டுவது, யாருக்குத் தட்டத்தோடு கொடுப்பது, யாருக்கு எட்ட நின்று கையிற் போடுவது என்பனவெல்லாம் சாதியும் நிலவுடைமையும் வகுத்த ஒழுங்குகள். அவ்வொழுங்கில் இளைஞனுக்கும் ஓர் இடம் விதிக்கப்பட்டிருந்தது: மூத்தோர் முன்னிலையில் அவன் வாய் மெல்லலாகாது. ஆகவே, வெளிப்படையாக வெற்றிலை போடத் தொடங்குவது தான் ஆளாகிவிட்டதை ஊருக்கு அறிவிக்கும் செயலாயிற்று. ஆனால் விலக்கு இருந்த அதே வீட்டில் பயிற்சியும் இருந்தது. பல்லிழந்த பாட்டிக்குப் பாக்குரலில் இடித்துக் கொடுப்பவரும், கொட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து வருபவரும், கடைக்கு ஓடிப் புகையிலை வாங்கி வருபவரும் சிறுவர்களே. ஒருமுறை அகப்பட்ட மாணவன் ஒருவனிடம், யாரடா பழக்கியது என்று கேட்டேன். "ஒருத்தரும் பழக்கேல்லை, சேர். அம்மம்மாவுக்கு நான்தான் இடிச்சுக் குடுக்கிறனான்" என்றான். சிகரெட்டைக் கண்டால் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் தகப்பன்மார் உரலைக் கண்டு ஒன்றும் சொல்வதில்லை. எரியாத புகையிலை எமது வீடுகளிற் புகையிலையாகவே கருதப்படுவதில்லை.

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இவ்விடயத்தில் வேறொரு கடனும் உண்டு. ஒல்லாந்தர் காலந் தொட்டே யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. அங்கே அரசே புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. 1863இல் திவான் மாதவராவ் அதனை ஒழித்து, இறக்குமதித் தீர்வையை விதித்தார். தீர்வை ஏறிய போதெல்லாம் இங்கே தோட்டக்காரன் வயிறு காய்ந்தது. 1930களில் அவ்வணிகத்துக்கென ஐக்கிய வியாபாரச் சங்கம் தோன்றியதும் இந்நெருக்கடியிலேதான். விடியற்காலையிற் துலா மிதித்து நீரிறைத்து, நுனி முறித்து, பக்கக் கிளை ஒடித்து, கொட்டிலிலே தூக்கிப் பொச்சுமட்டையாற் புகையூட்டிப் பதப்படுத்தும் வேலையிற் பிள்ளைகளின் கைகளும் இருந்தன. ஈரமான இலையிலிருந்து நிக்கொட்டின் தோல்வழியே உடலில் ஏறும் என்பதும், தோட்டத்திலே தலைசுற்றி வாந்தியெடுத்த பிள்ளைக்கு அதுவே காரணமாயிருக்கலாம் என்பதும் அக்காலத்தார் அறியாதவை. அந்தப் பணமே எத்தனையோ குடும்பங்களிற் பள்ளிக்கூடச் சம்பளமாயிற்று. 1933இல் ஐ. எம். ஓர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரிடையே காணப்பட்ட வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். எமது சரக்கின் சந்தை எதுவோ, அதுவே நோயின் களமாகவும் இருந்தது. எமது கல்விப் பெருமையைப் பேசும் மேடைகளில் இக்கணக்கை எவரும் வாசிக்கக் கேட்டதில்லை.

மலைநாட்டிற் கதை இன்னும் கொடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குளிருக்கும் பசிக்கும் மருந்தாகக் கண்டது வெற்றிலையையும் புகையிலையையுமே. சுருட்டுப் பிடிப்பவன் கையை எடுக்க வேண்டும். வேலையை நிறுத்த வேண்டும். வாயில் அடக்கியவளுக்கோ இரண்டு கைகளும் கொழுந்துக்கு ஒழிந்திருக்கும். பசியை மந்தப்படுத்தி, கையையும் நிறுத்தாத இப்பழக்கத்தால் துரைக்கு ஒரு நட்டமுமில்லை. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தனித்தனி வீதங்களை வகுத்தது. பிள்ளையைத் தொழிலாளியாகச் சட்டமே எண்ணிய இடத்தில், தொழிலாளியின் சுருக்குப்பை பிள்ளைக்கு எப்படி விலக்கப்பட்டதாகும்? பெரியவர்களோடு மலையேறிய பிள்ளை, பெரியவர்களுடைய பசியையும் அதனை மறக்கும் வழியையும் ஒருங்கே கற்றுக்கொண்டது.

இந்தியாவில் 1970களிலிருந்து பரவத் தொடங்கிய பான் மசாலாப் பொதிகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் இவ்வரலாற்றின் அடுத்த படி. முன்னர் புகையிலைக்குத் தட்டம் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், கொடுக்க ஒரு மூத்தவர் வேண்டும். பொதிக்கு இவை ஒன்றும் வேண்டா. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், இனிக்கும், மணக்கும், புகை எழுந்து காட்டிக்கொடுக்காது, காற்சட்டைப் பையில் அடங்கும். மூத்தோரின் விலக்கையும் கடந்து, மாணவனைத் தனியாகத் தேடிப் பிடிக்கும் ஆற்றல் முதலாளியத்துக்கு இப்பொதியினாலேயே வாய்த்தது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர்க்குப் புகையிலை விற்பதைத் தடைசெய்தது. 2016இல் வெளியான ஒழுங்குவிதிகள் புகையற்ற புகையிலைப் பொருள்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையுமே தடுத்தன. நல்ல சட்டங்கள்தாம். ஆயினும் கடத்திவரப்பட்ட பொதிகள் பிடிபட்ட செய்தியைப் பத்திரிகைகளில் இன்றும் வாசிக்கிறோம். பிடிபடாதவை மாணவர் கைக்கு வருகின்றன.

வெற்றிலையோடு புகையிலை மெல்வது புற்றுநோயைத் தரும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இலேயே தீர்ப்புக் கூறிவிட்டது. 2003இல் அந்நிறுவனத்தில் மீண்டும் கூடிய அறிஞர், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், ஏன், தனிப் பாக்குமே புற்றுநோய்க் காரணிகள் என முடிவுசெய்தனர். வாயைத் திறக்கவியலாதபடி உட்தசையை இறுக்கும் நார்த்தன்மை நோய்க்கும் பாக்கே முதற் காரணம். இரண்டாவது தீர்ப்பு எமது வீடுகளை வந்தடையவில்லை. புகையிலையை விட்டுவிட்டதாக என்னிடம் சத்தியஞ்செய்த மாணவர் சிலர் வாசனைப் பாக்கை மென்றபடியேதான் அச்சத்தியத்தைச் செய்தனர். அவர்களுடைய பெற்றோரிடம் சொன்னபோது, பாக்குத்தானே என்றார்கள். பேசிக்கொண்டிருக்கையிலேயே உள்ளிருந்து எனக்கும் ஒரு தட்டம் வந்தது.