தலைக்கு மெத்தையா, கழுத்துக்குக் காவலா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கார் சீட்டின் உச்சியில் இரண்டு கம்பிகளின் மேல் ஒரு சின்ன மெத்தை நிற்கும். ஹெட்ரெஸ்ட் என்கிறோம். பெயரைக் கேட்டால் தூக்கம் வரும்போது தலை சாய்த்துக்கொள்ளத் தந்த சொகுசு என்றுதான் தோன்றும். அதனால்தான் நம் ஜோலார்பேட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வாடகைக் கார்கள் பலவற்றில் பின் சீட்டு ஹெட்ரெஸ்ட் டிக்கியில் கிடக்கிறது. முன் சீட்டில் இருப்பதையும் அடிவரை அழுத்தி, மேலே ஒரு துண்டைப் போட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்வதுண்டு: ராஜாக்களுக்கு மட்டும்தான் வரலாறு என்று நினைக்காதீர்கள், வீட்டில் கிடக்கும் சாமானுக்கும் வரலாறு உண்டு. இந்தச் சின்ன மெத்தையின் வரலாறு நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் கொஞ்சம் அறிவியல். நின்றுகொண்டு பஸ்ஸில் போகிறோம். டிரைவர் வெடுக்கென்று கிளப்பினால் பின்பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? நிற்கும் பொருள் நின்றபடியே இருக்கப் பார்க்கும் என்று நியூட்டன் சொன்னது இதைத்தான். நம் காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் சீட்டு முதுகை முன்னே தள்ளிவிடும். தலைக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லாவிட்டால் அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. சாட்டையைச் சொடுக்கியது போலக் கழுத்து பின்னால் மடிந்து முன்னால் வரும். அதனால் ஆங்கிலத்தில் அந்தக் காயத்துக்கே சாட்டையடி என்ற பொருளில் விப்லாஷ் என்று பெயர் வைத்தார்கள்.

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரைச் சேர்ந்த பெஞ்சமின் கேட்ஸ் என்பவர் 1920களிலேயே கார் ஹெட்ரெஸ்ட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் அடுத்த நாற்பது வருஷத்துக்கும் மேலாக அது காசு உள்ளவர்கள் கேட்டு வாங்கும் கூடுதல் சாமானாகவே இருந்தது. 1969 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களின் முன் சீட்டுகளில் அது கட்டாயம் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: தலைக்கு ஓய்வு தருவது என்று சொல்லாமல், தலையைத் தடுத்து நிறுத்துவது என்றார்கள். உயரத்தையும் எண்ணில் எழுதினார்கள். உட்காரும் இடத்தின் குறிப்புப் புள்ளியிலிருந்து 700 மில்லிமீட்டர். 2004இல் அதைத் திருத்தி, முன் சீட்டில் 800 மில்லிமீட்டர் வரை உயர்த்த முடிய வேண்டும், தலைக்கும் மெத்தைக்கும் நடுவே 55 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றார்கள். நம் நாட்டிலும் சீட்டு, அதன் பிடிமானம், ஹெட்ரெஸ்ட் ஆகியவற்றின் பலத்துக்கு ஏ.ஐ.எஸ். 016 என்ற தரவிதி இருக்கிறது.

அந்தக் காலத்து அம்பாசடர், பத்மினி கார்களை நினைத்துப் பாருங்கள். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட்டு. சாய்மானம் தோள் அளவோடு முடிந்துவிடும். அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. உள்ளே ஸ்பிரிங், அதன்மேல் தேங்காய் நார், பஞ்சு, மேலே ரெக்சின். பிய்ந்துபோனால் குஷன் கடையில் விட்டு நாரை அடித்து நிரப்பி வாங்குவோம். இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் சீட்டுக்குள் இருந்ததும் நம் தேங்காய் நார்தான்.

அப்புறம் ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்யும் ஃபோம் வந்தது. எம்.எம். ஃபோம் என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கும். அந்த எம்.எம். ரப்பர் கம்பெனியின் தொழிற்சாலை நம் ராணிப்பேட்டையில்தான் இருந்தது. ஆனால் கார் சீட்டை முழுதாகப் பிடித்துக்கொண்டது வேறொரு ஃபோம். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவும் கண்டுபிடித்த பாலியூரித்தேன். மெத்தைக்கு ஏற்ற மென்மையான ஃபோமாக அது 1950களில் சந்தைக்கு வந்தது.

அதைச் செய்யும் விதம் பார்க்க அதிசயமாக இருக்கும். இரண்டு திரவங்கள். ஒன்று பாலியால், நம் சென்னை மணலியிலேயே தயாராகிறது. இன்னொன்று ஐசோசயனேட். இரண்டையும் சிறிது தண்ணீரோடு கலந்தால் கரியமில வாயு கிளம்பி, கலவை பொங்கிக்கொண்டு வரும். இட்லி மாவு பொங்க ஒரு ராத்திரி வேண்டும். இதற்குச் சில நிமிஷம் போதும்.

ஹெட்ரெஸ்ட் செய்ய, முதலில் எஃகுக் கம்பியை வளைத்துக் கூடு செய்வார்கள். ஒரு முறையில், கம்பியை அச்சுக்குள் வைத்துக் கலவையை ஊற்றி, பொங்கி இறுகியதும் எடுத்து உறை மாட்டுவார்கள். இன்னொரு முறையில், தைத்து முடித்த உறையையே அச்சுக்குள் வைத்து, கம்பியைச் செருகி, உறைக்குள்ளேயே ஊற்றிவிடுவார்கள். தையல் ஓட்டை வழியாகக் கலவை கசியக்கூடாது என்பதற்காக உறையின் உள்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங்கை விட ஃபோம் மேல் என்பதற்குக் காரணம் உண்டு. மோதிய தலையை ஸ்பிரிங் திருப்பி எறிந்துவிடும். ஃபோம் அமுங்கி, அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் பெருகின. அதற்கு முன்பே, 1980களில், ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்தின் ஹரிதா நிறுவனம் வாகன சீட்டுகள் செய்யத் தொடங்கியிருந்தது. இந்த இரண்டு திசைக்கும் நடுவில் இருப்பது நம் தோல் வட்டாரம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துப் பழகிய கைக்கு வளைவான உறையைத் தைப்பது பெரிய காரியமில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அப்படி சீட்டு உறை தைக்கப் போனார்கள், சிலர் ஃபோம் ஊற்றும் இடத்துக்கும் போனார்கள்.

அப்படிப் போன ஒரு பெண் போன வருஷம் என்னைப் பார்க்க வந்தாள். ஒரு சின்னப் பட்டறை, பெயர் வேண்டாம். "சார், பகல்ல ஒண்ணும் தெரியல. ராத்திரி படுத்தா நெஞ்சு அடைக்குது" என்றாள். லீவு நாட்களில் சரியாகிவிடுகிறதாம், வேலைக்குப் போனால் திரும்பவும் வருகிறதாம். டாக்டரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறாய் என்பதை முதலில் சொல் என்று அனுப்பி வைத்தேன். ஐசோசயனேட் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். ஒருமுறை உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிட்டால் அப்புறம் துளி ஆவி பட்டாலும் மூச்சு திணறும். இறுகி முடிந்த ஃபோமில் இந்த ஆபத்து இல்லை. ஊற்றுகிற இடத்தில்தான் இருக்கிறது.

1984இல் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். ஃபோமுக்கு ஊற்றுவது அது இல்லை, ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்யும் இடத்துக் காற்றில் எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்று பட்டியல் சேர்த்தார்கள். ஃபோமுக்கு ஊற்றும் டி.டி.ஐ. என்ற ஐசோசயனேட்டுக்கு அதில் எழுதிய அளவு பத்து லட்சத்தில் 0.005 பங்கு. அதாவது இருபது கோடியில் ஒரு பங்கு. மூக்கு உணர்வதற்குள்ளேயே அளவு தாண்டிப் போயிருக்கும்.

இந்தக் கதை நமக்குப் புதிதா? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட வாரக்கணக்கில் ஆனது. குரோம் வந்ததும் ஒரே நாளில் முடிந்தது. அந்த வேகத்துக்கான விலையைப் பாலாறு கொடுத்தது. 1991இல் வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டதைப் பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது நம் ஊர் வழக்கில்தான். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். காரில் போகிறவர் கழுத்தைக் காத்தது கம்பெனிகளின் கருணை மட்டும் இல்லை. இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, அதைச் சோதித்தும் பார்த்தார்கள். பாலாற்றுக்கு அந்தக் கணக்கு வெகு தாமதமாக வந்தது. ஃபோம் ஊற்றுகிற பிள்ளையின் மூச்சுக்கு எண் எழுதி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்தச் சின்னப் பட்டறைக்குள் போய் அதை அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஒரே ஹெட்ரெஸ்ட். வாங்குகிறவர் கழுத்துக்கு அளவு பார்க்கிறோம், செய்கிறவர் மூச்சுக்கும் பார்க்க வேண்டாமா?

ஃபோமை ஒழிக்கச் சொல்லவில்லை. வேறு வழி தேடியவர்களும் இருக்கிறார்கள். 1990களில் பிரேசிலின் பாரா மாநிலத்தில் தேங்காய் நாரும் ரப்பர் பாலும் சேர்த்து மெர்சிடீஸ் பென்ஸ் வண்டிகளுக்கு ஹெட்ரெஸ்ட் செய்தார்கள். ஃபோமே வேண்டும் என்றாலும் ஆவியை இழுத்து வெளியேற்றும் ஃபேன், சரியான முகக்கவசம், வருஷத்துக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை ஆகியவை முடியாத காரியங்கள் இல்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இன்றைக்கே காரில் உட்கார்ந்து ஹெட்ரெஸ்ட்டை உயர்த்துங்கள். அதன் உச்சி உங்கள் தலை உச்சிக்குச் சமமாக வரட்டும், பின்மண்டைக்கு முடிந்தவரை நெருக்கமாக இருக்கட்டும். டிக்கியில் கிடப்பதையும் எடுத்து மாட்டுங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டுப் பிள்ளை ஃபோம் பட்டறையில் வேலை செய்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, அங்கே காற்றை இழுக்கும் ஃபேன் ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

இந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.