இரண்டு எட்டுகள்

போக்கர் ஆடுகிறவர்களிடம் எந்தச் சீட்டு வந்தால் பயம் என்று கேட்டுப்பாருங்கள். ஏழு-இரண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதை மடித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். இரண்டு ஏஸ் வந்தாலும் யோசிக்க அதிகமில்லை. பயம் நடுவில்தான். ஏழு ஏழு, எட்டு எட்டு, ஒன்பது ஒன்பது, பத்து பத்து. விடவும் மனசு வராது, நம்பவும் தைரியம் வராது.

நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஆடுவோம். தலைக்கு 40 டாலர். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். என்ன சீட்டு வந்தது, என்ன செய்தேன், என்ன ஆனது என்று வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடுவேன். அந்த நோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து விரியும்: முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). நோ-லிமிட் என்றால் எந்த நேரத்திலும் கையில் இருப்பதை மொத்தமாக வைத்துவிடலாம். லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 1970-இல் உலகத் தொடர் தொடங்கியது. முதல் வருடம் ஜானி மாஸை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். மறுவருடம்தான் ஒருவர் மிஞ்சும்வரை ஆடும் போட்டியாக மாறியது. ஆடியவர்களில் பலர் டெக்ஸஸின் ஊர் ஊராகச் சுற்றிய தொழில்முறைச் சூதாடிகள்.

காசுக்கு ஆடும் சாதாரண மேசையில் நடுத்தர ஜோடிக்குக் கணக்கு எளிது. மலிவாக ஃப்ளாப் பார். மூன்றாவது எட்டு வந்தால் அடி, வராவிட்டால் விடு. அது வர வாய்ப்பு சுமார் 12 சதவீதம், அதாவது எட்டரை தடவைக்கு ஒரு தடவை. ஆனால் கையில் இரண்டு எட்டு இருக்கும்போது ஃப்ளாப்பில் எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வர வாய்ப்பு 87 சதவீதம். பத்து ஜோடிக்கே அது 70-ஐ ஒட்டி இருக்கிறது. பார்க்கும்போது ஜோடி, விரித்தபின் சந்தேகம்.

போட்டியில் நிலைமை இன்னும் மோசம். தோற்ற சிப்பைத் திரும்ப வாங்க முடியாது. கட்டாயப் பந்தயமான பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். எட்டரை தடவை காத்திருக்க யாருக்கு நேரம்? 1995-இன் சாம்பியன் டான் ஹாரிங்டன் 2005-இல் வெளியிட்ட புத்தகம் இதைக் கணக்காக்கியது. உன் சிப்பை ஒரு சுற்றின் பிளைண்டாலும் ஆன்ட்டியாலும் வகுத்துக்கொள். அந்த எண் சிறுத்தால் காத்திருப்பதே தற்கொலை. அதே இரண்டு எட்டு, மாலையில் பொறுமையின் சீட்டு, நள்ளிரவில் மொத்தத்தையும் தள்ளும் சீட்டு. டேவிட் ஸ்க்லான்ஸ்கி இன்னொன்று சொல்லியிருந்தார்: ஒருவர் ஏற்றியபின் உள்ளே போக, நாமே முதலில் ஏற்றுவதற்குத் தேவைப்படுவதைவிட நல்ல சீட்டு வேண்டும். தள்ளுகிறவனுக்கு இரண்டு வழியில் வெற்றி: எதிராளி மடிக்கலாம், அல்லது சீட்டு நிற்கலாம். பதில் சொல்கிறவனுக்கு ஒரே வழி.

இந்தப் புத்தகங்களை நாங்களெல்லாம் வாங்கியதற்குக் காரணம் 2003. டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர், இணையத்தில் சின்னத் தொகைப் போட்டி ஒன்றில் ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட உலகத் தொடருக்கு வந்தார். ஆடியவர்கள் 839 பேர். பத்து பேர் மிச்சமிருந்தபோது அவர் கையில் ஏஸ்-ராணி, ஃபில் ஐவி கையில் இரண்டு ஒன்பது. ஃப்ளாப்பில் ராணி, ஆறு, ராணி. டர்னில் ஒன்பது! ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். எல்லாச் சிப்பும் நடுவில். மனிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை மிச்சமிருந்த 44 சீட்டில் 7. ரிவரில் ஏஸ் விழுந்தது. ஐவி பத்தாவதாக வெளியேறினார். மனிமேக்கர் 25 லட்சம் டாலருடன் ஊர் திரும்பினார். மறுவருடம் வந்தவர்கள் 2,576 பேர். மூன்றே வருடத்தில், 2006-இல், 8,773.

அந்தப் பத்தாண்டின் கடைசிக் கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். 2004-இல் பேடன்ட் வழக்கறிஞர் கிரெக் ரேமர் ஜெயித்தது இரண்டு எட்டால். 2006-இல் பால் வாசிக்கா தோற்றது இரண்டு பத்தால். எதிரே ஜேமி கோல்டிடம் ராணி-ஒன்பது, ஃப்ளாப்பில் ராணி. 2009-இல் 21 வயது ஜோ காடா, மரம் வெட்டும் தொழில் செய்த டார்வின் மூனை வென்றது இரண்டு ஒன்பதால்.

இவற்றுக்கு நடுவே 2007. லாவோஸில் பிறந்து, அகதி முகாமில் வளர்ந்து அமெரிக்கா வந்த ஜெர்ரி யாங். அவரிடம் இரண்டு எட்டு. டுவான் லாமிடம் ஏஸ்-ராணி. ஃப்ளாப்புக்கு முன்பே லாமின் சிப் முழுக்க உள்ளே. அந்த நிலையில் ஜோடிக்குச் சுமார் 54, எதிராளிக்கு 46. நாணயத்தைச் சுண்டிவிடுவதைவிடக் கொஞ்சம் மேல். ஃப்ளாப்பில் ராணி, ஒன்பது, ஐந்து. முடிந்தது கதை என்று நினைத்தோம். டர்னில் ஏழு. இப்போது யாங்குக்கு உதவக்கூடியவை 44-இல் 6 சீட்டுகள்: நான்கு ஆறு, இரண்டு எட்டு. ரிவரில் ஆறு விழுந்தது. ஐந்து முதல் ஒன்பது வரை வரிசை. 82.5 லட்சம் டாலர்.

2003-இல் 7 சீட்டு, 2007-இல் 6 சீட்டு. வேறு ஏதாவது விழுந்திருந்தால்? அன்றே எல்லாம் முடிந்திருக்காது, ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனால் மனிமேக்கர் அங்கே பெருந்தொகை இழந்து, அந்தக் கோப்பை ஐவி கைக்கோ வேறு தொழில்முறை ஆட்டக்காரர் கைக்கோ போயிருந்தால், எங்கள் பேஸ்மென்ட்டில் அந்த மேசையே இருந்திருக்குமா? ஒரு காலகட்டத்தின் வரலாறு ஒரு ரிவர் சீட்டில் தொங்கியது என்று எழுத ஆசைதான். அதை நம்புவதா என்று இன்னமும் தெரியவில்லை. அலை எப்படியும் வந்திருக்கலாம், வேறு ஒருவர் முகத்தோடு.

இனி நோட்டுக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பும்போது பெட்டி கட்ட எடுத்தேன். மூன்று வருடக் கணக்கு. நடுத்தர ஜோடியால் ஜெயித்த இடங்களில் "நல்லா படிச்சேன் அவன", "சரியான நேரத்துல தள்ளினேன்" என்று எழுதியிருந்தேன். தோற்ற இடங்களில் ஒரே வார்த்தை: "லக்." அதே சீட்டு, அதே நிலைமை, அதே முடிவு. விழுந்த சீட்டுக்கு ஏற்ப என் கெட்டிக்காரத்தனம் மட்டும் மாறியிருந்தது. கூட்டிப் பார்த்தபோது இழப்பு நான் மனைவியிடம் சொன்னதைவிட இரண்டு மடங்கு இருந்தது. பொய் சொன்னேன் என்று கூட இல்லை. எனக்கே அந்தக் கணக்கு தெரியாது. நோட்டைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். புரட்டிவிட்டு, "இதுல மடிச்சு வெச்ச ஆட்டமே எழுதலையே?" என்றாள். உண்மைதான். விலகிய ஆட்டங்கள் ஒன்றுகூட இல்லை. என் நோட்டிலும் இல்லை, தொலைக்காட்சிச் சுருக்கத்திலும் அதிகம் இல்லை.

திறமையா அதிர்ஷ்டமா என்பது நம்மூரிலும் பழைய வழக்கு. 1967-இல் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்றது. 2025-இல் மத்திய அரசின் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. செய்திகளைப் படிக்கும்போது எனக்கு அந்த இரண்டு எட்டுதான் ஞாபகம் வரும். 54-க்கும் 46-க்கும் நடுவிலுள்ள எட்டுப் புள்ளி திறமையின் பங்கு என்றே வைத்துக்கொண்டாலும், அது தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டம் வேண்டும். அதுவரை தாங்குகிற பணம் யாரிடம் இருக்கிறது என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை.

நோட்டு இப்போதும் வீட்டில் இருக்கிறது. அதன் பின்பக்கங்களில் மனைவி பால் கணக்கு எழுதுகிறாள்.